நான் முடிக்க விடாத செபமாலை

மாதா எங்கள் வீட்டில் ஒரே ஒரு நாள்தான் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பினால், பின்னாலேயே அம்மாவும் கிளம்பிவிடுவாள். ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே கவலை இதுதான்.

அக்டோபர் என்றால் செபமாலை மாதம். கல்மண்டபம் பகுதியில் எங்கள் தெருக் கத்தோலிக்க வீடுகளுக்கு மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, நாளுக்கு ஒரு வீடாக வரும். மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, பாட்டுப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் முறை வந்தபோது, அம்மாவும் நைனாவும் பேச்சை நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

நைனா விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். எண்ணூரில் மாமாவுக்கு நிச்சயதார்த்தம். "நீ முன்னால போ, நான் வந்துகினே கீறேன்" என்று எங்களை அனுப்பிவைத்தவர், ஏதோ ஒரு படகின் இன்ஜினுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு, பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் வந்து நின்றார். தட்டு மாற்றும்போது வீட்டின் மூத்த மாப்பிள்ளை இல்லை. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அத்தனை பேர் முன்னாலும் அம்மாவைக் குத்திக் காட்டிப் பேசிவிட்டார்கள். அன்றைக்கு அவள் வாயை மூடியவள்தான்.

அதற்குப் பிறகு தபால்காரி வேலை எனக்கு. வீடே ஒரு அறைதான். "உங்க நைனாகிட்ட சொல்லு, சோறு ஆறிகினு கீது" என்பாள் அம்மா. எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் நைனா, "பசிக்கலன்னு சொல்லும்மா" என்பார். நான் இரண்டையும் அச்சு மாறாமல் ஒப்பிப்பேன். "அதான் காதுல வியுந்துச்சே" என்று நியாயம் கேட்ட நாலு வயதுத் தம்பி, தலையில் ஒரு குட்டு வாங்கினான். எனக்கு அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை கட்டிலுக்கடியில் அந்தப் பையைப் பார்க்கும்வரை. உள்ளே அம்மாவின் புடவைகள் இருந்தன, தம்பியின் சட்டைகள் இருந்தன. என் கவுன் ஒன்றுகூட இல்லை.

"மாதா வூட்ல இருக்கச்சொல்ல போவக்கூடாதுன்னு பாக்கறேன்" என்றாள் அம்மா, மெழுகுவர்த்தி ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டே. "நாளிக்கி மாதாவ அனுப்பிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். உனுக்கு ஸ்கூல் கீது. நீ உங்க நைனாவப் பாத்துக்கோ."

நான் எங்கே அவரைப் பார்த்துக்கொள்வது? எனக்குப் பின்னல் போடவே அம்மாதான் வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் தெரு மொத்தமும் எங்கள் அறைக்குள்ளும் வாசலிலும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அருள் நிறைந்த மரியே மன்றாட்டில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதியை ஒருவர் சொல்லித் தொடங்க, மறுபாதியை மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள். அப்படிப் பத்துமுறை சொன்னால் ஒரு பத்து, ஐந்து பத்து சொன்னால் ஒரு செபமாலை. தொடங்குவது வீட்டு ஆண்பிள்ளை என்பது எங்கள் தெரு வழக்கம். நைனாவின் விரலிடுக்கில் எந்த சோப்புக்கும் போகாத கிரீஸ் இருக்கும். அந்தக் கையால் அம்மாவின் வெள்ளை மணிகளைத் தொட அவருக்குக் கூச்சம். அதனால் மணி உருட்டும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு பத்து முடிந்ததும் நான் அவர் முழங்காலைத் தட்ட வேண்டும்.

நாலு பத்து ஒழுங்காகத்தான் போனது. ஐந்தாவது, காணாமல் போன பாலன் இயேசுவை மாதாவும் சூசையப்பரும் தேடிக் கண்டுபிடித்ததைத் தியானிக்கிற பத்து. இது முடிந்தால் மாதா போய்விடுவார். பத்தாவது மணி என் கட்டைவிரலுக்கு வந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தட்டவில்லை.

நைனா பதினொன்றாவதைத் தொடங்கினார். எல்லாரும் முடித்தார்கள். பன்னிரண்டு. பதிமூன்று. செபம் நடத்த வந்த அங்கிள் இருமினார். எதிர்வீட்டு ஆன்ட்டி தன் செபமாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாதாவே, கண்டுக்காதே, கண்டுக்காதே என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் கொதித்தன. குழம்பிப்போன குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் இரண்டு பேர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நைனா ஒரு பாதி, அம்மா ஒரு பாதி. எப்போதும் அவசரமாக ஓட்டுகிற நைனா நிதானமாகச் சொன்னார். அவர் நிறுத்தும் இடத்தில் அம்மா எடுத்தாள். 'பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக' என்ற இடத்தில் ஒருமுறை அவள் குரல் உடைந்துவிட்டது. நைனா அடுத்ததைத் தொடங்கவில்லை.

"போதுங்க" என்றாள் அம்மா, அவரை நேராகப் பார்த்து. "கொயந்த கையப் பாருங்க."

என் கட்டைவிரல் கன்றிச் சிவந்திருந்தது. நைனா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த வெள்ளை மணிகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கி வராதது என் தப்புதான்" என்றார், தெருவே கேட்க.

"மொதல்ல செபத்த முடிங்க" என்றாள் அம்மா. கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மாதாவை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு அம்மா திரும்பி வந்தாள். பையிலிருந்த துணிகள் மறுபடி அலமாரிக்குப் போயின. எனக்கோ தலைகால் புரியவில்லை. மாதாவையும் தெருவையும் சேர்த்து ஏமாற்றிவிட்டேன் என்று ஒரே பெருமை. அடுத்த வாரம் கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அதையே சொன்னேன். "எண்ணிப் பத்தே பத்து அருள் நிறைந்த மரியே சொல்லும்மா" என்று பரிகாரம் கொடுத்த சாமியார், சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது.

இன்றைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் செபமாலை கையில் இல்லாமலே சொல்கிறேன். பத்தாவது வந்ததும் நாக்கு தானாக நின்றுவிடுகிறது. யாரும் தட்ட வேண்டியதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள் இரண்டு பேரும். பதினொன்றாவதைத் தொடங்கும்போதே நைனாவுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பதில் சொன்ன அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அந்தச் செபம் முடிந்துவிடக் கூடாது என்று தவித்தது அந்த அறையில் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.