ஏரிப் பாடம்

மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேத்தி குடையை மடக்கிக்கொண்டே, "தாத்தா, எங்க மிஸ்ஸு லீவு. பதிலுக்கு வந்தவங்க கணக்கு, சயின்ஸு எல்லாத்தையும் பூனைய வெச்சே நடத்துறாங்க" என்றாள். சிரித்தேன். ஈரக் குடையின் வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஏழாவதைத் தாண்டாதவன், உங்களுக்குத்தான் தெரியுமே. காஞ்சிபுரத்தில் இன்றைக்கு நாற்பது தறிக்கு நூல் கொடுக்கிறேன். டிகிரி படித்தவர்கள் மூன்று பேர் என் கடையில் நிற்கிறார்கள். "படிப்பு எனக்குத் தேவைப்படல, விட்டேன்" என்று மேடையிலேயே பேசியிருக்கிறேன். விட்ட கதை வேறு.

அப்போது திருப்புட்குழிக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணக்கு வாத்தியார் காலை உடைத்துக்கொண்டதால், இரண்டு மாசத்துக்கு சபாபதி சார் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனார். மனுஷனுக்கு ஏரிப் பைத்தியம். கணக்கென்றால், மதகில் மணிக்கு எவ்வளவு தண்ணீர் போகும்? தமிழ்க் கட்டுரையும் ஏரிதான். எங்களுக்குக் குஷி. பாதி நாள் எங்கள் ஊர் ஏரிக்கரைமேலேயே கழியும்.

ஒரு நாள் கரையின் வெளிப்பக்கம், அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கசிவதைக் காட்டினார். அதற்கு நேர் கீழே எங்கள் தெரு, பன்னிரண்டு வீடு.

"தெளிவா கசிஞ்சா கரை நிக்கும்டா. கலங்கிக் கசிஞ்சா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம். அன்னிக்கே தெருவ காலி பண்ணணும்."

ஊர்ப் பெரியவர்களிடமும் சொன்னார். "லீவுக்கு வந்த வாத்தியாரு நீ. லீவு முடிஞ்சா போயிக்கினே இருப்ப" என்றார் ஒருத்தர். டீக்கடையே சிரித்தது.

தினமும் காலையில் கசிவுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வர என்னை வைத்தார். வகுப்பிலேயே தைரியசாலி நான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேனே. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நோட்டில் 'தெளிவு' என்று எழுதுவார். ஈரம் முறம் அகலமாயிற்று, பிறகு பாய் அகலம்.

ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள் கரையடிக்குப் போனேன். தரை மெத்தை மாதிரி அமுங்கியது. கரைக்குள்ளே எங்கேயோ மாடு அசைபோடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் குனியவே இல்லை. ஓடி வந்து பள்ளிக்கூட அடிபம்பில் பாட்டிலை நிரப்பிவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கம்.

"ஏன்டா இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?"

"மழை சார், ஓடியாந்தேன்."

பாட்டிலை ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குது. இன்னிக்குப் பயமில்ல."

அவர் வாயால் கேட்டதும் எனக்கே பயம் போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரை போயிற்று. ஜனங்கள் கூரைமேல் ஏறித் தப்பித்தார்கள். அடுத்த வீட்டு நெசவுக்காரர் கன்னியப்பன் மட்டும், தறியிலிருந்த பாவு நூலை அறுத்தெடுக்கத் தறிக்குழியில் இறங்கினவர், வெளியே வரவில்லை.

மறுநாள் சார் நோட்டோடு வந்து நின்றார். "நான் பார்த்தேன்மா, தெளிவாத்தான் இருந்துச்சு" என்றார், கன்னியப்பன் சம்சாரத்திடம். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நானும் பள்ளிக்கூடம் போகவில்லை.

நாலு காசு சேர்ந்ததும் விசாரித்துக்கொண்டு ஒரு பட்டு வேட்டியோடு அவர் வீட்டுக்குப் போனேன். கரை உடைந்த வருஷமே சார் வேலையை விட்டுவிட்டதாக அவர் மகன் சொன்னார். சாருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"உங்ககிட்ட ஏரிப் பாடம் படிச்சவன் சார்."

"அத மறந்துடுப்பா. தப்பான பாடம்."

வேட்டியைக் கொடுத்தேன், காபி குடித்தேன், வந்துவிட்டேன்.

ஏரி இப்போது மனைகளாகிவிட்டது. கரையை இடித்துத் தார் ரோடு போட்டிருக்கிறார்கள். சார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பாடம் சரிதான் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டியவர் அவர் ஒருத்தர்தான்.