சும்மா படிப்பிக்கினம்

சென்ற புதன்கிழமை பக்கத்து வீட்டுப் புஷ்பம் என்னையும் துணைக்குப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். அவருடைய மகள் வசந்திக்குப் பிறவியிலேயே காது கேளாது. வருகிற வருடம் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் சோதனையில் பள்ளியின் பெயர் கெட்டுவிடும், அப்போது பிள்ளை வீட்டில் நிற்கட்டும் என்று அதிபர் சொல்லியனுப்பியிருந்தார். காது கேளாதவர்களுக்கென்று விடுதியோடு தனிப்பள்ளி இருக்கிறதுதான். இந்தச் சண்டை நாட்களில் பிள்ளையைப் பிரிய எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வகுப்பு ரீச்சர் அன்பாகத்தான் பேசினார்.

"ஒரு முறைப்பாடும் இல்லை அண்ணை. நல்ல பிள்ளை. கடைசி வாங்கிலை சும்மா இருப்பா."

நாலு வருடமாகச் சும்மா இருந்திருக்கிறாள்! புத்தகம் இலவசம், வகுப்பேற்றமும் இலவசம். வாசிக்கத்தான் வரவில்லை. பொம்பர் விமானம் வந்தால் பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்துப் பதுங்குகுழிக்கு இழுத்துக்கொண்டு ஓடும். பாடத்துக்குள் அப்படி இழுக்க ஒருவரும் இல்லை.

கேளுங்கோவன் என்று புஷ்பத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பைத் திருகினார். வெளியே வந்ததும்தான் வாய் திறந்தார்.

"சும்மா படிப்பிக்கினம் அண்ணை. என்னெண்டு கேக்கிறது?"

இந்தச் 'சும்மா'வுக்குத் தமிழில் எத்தனை வேலை! காசில்லாமல் கொடுத்தாலும் சும்மா, பயனில்லாமல் போனாலும் சும்மா, வாய்மூடி இருந்தாலும் சும்மா...

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி உள்ளே போனேன். பிள்ளையை முன்வரிசை வாங்கில் இருத்துங்கள், அவள் முகம் பார்த்துச் சொல்லுங்கள், வாயசைவை வைத்தே விளங்கிக்கொள்வாள் என்றேன். ரீச்சர் யோசித்தார். பிறகு, செய்து பார்ப்பதாகச் சொன்னார்.

நேற்று அதே ரீச்சர் புஷ்பம் வீட்டு வாசல் படலையில் சைக்கிளை நிறுத்தினார். முகம் சரியில்லை. நானும் எட்டிப்போனேன். வசந்தி முன் வாங்கில்தான் இருக்கிறாளாம். ஆனால் இவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொன்னால், அவள் எழும்பிப் போய்ப் பலகையோடு ஒட்டி நின்று இவர் வாயைப் பார்க்கிறாளாம். போய் இரு என்று கை காட்டினாலும் அசைகிறாளில்லையாம். சேலையைப் பிடித்து இழுக்கிறாளாம். வகுப்பே சிரிக்கிறதாம்.

"நல்லாயிருந்த பிள்ளை, இப்ப ஒரே குழப்படி. அதிபரிட்டைச் சொல்லத்தான் வேணும்."

நான் பதில் தேடுமுன் புஷ்பம் முந்திக்கொண்டார்.

"சொல்லுங்கோ ரீச்சர். நீங்கள் அங்காலை திரும்பிக் கதைச்சால் அவள் குழப்படிதான் செய்வாள்."

ரீச்சர் சைக்கிளைத் திருப்பினார்.

அதிபர் என்ன முடிவெடுப்பாரோ... இதை எழுதும்போதும் தெரியவில்லை. ஆனால் ஒன்று — குழப்படிக்காரியை ஒருவராலும் மறந்துவிட முடியாது!