முதலாளி கூட்டிய சத்தம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தே ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன்.

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பாட்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். எந்தப் பாட்டுக் கம்பனியும் எடுக்காத மலையகப் பாடகர்களைப் பாடவைத்து, போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒரு ஞாயிறு, தொழிலாளர் வரிசைவீடான பக்கத்து லயத்துச் செல்வி தானே கட்டிய பாட்டை முதன்முதலாகப் பாட வந்தாள்.

அவள் பாடத் தொடங்கியதும், எதிரே மளிகைக்கடை முதலாளி தன் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைக் கூட்டிவைத்தார். பிள்ளையின் குரல் கேட்கவே இல்லை. நான் அந்தக் கடையில்தான் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, அந்தப் புள்ள பாடி முடிக்கிற வரைக்கும் சத்தத்தக் கொறைங்க."

"லயத்துப் பாட்ட யாரு ஆத்தா கேப்பா?"

"லயத்துக் காசு மட்டும் ஒங்களுக்கு இனிக்குதா?"

கட்டிவைத்த அரிசியையும் மாவையும் அவர் பக்கமே தள்ளினேன். "நீங்களே ஆக்கித் தின்னுங்க."

எனக்குப் பின்னால் நின்ற பெண்களும் பைகளை மடக்கிக்கொண்டு வெளியேறினார்கள். கடை காலியான பிறகுதான் ஸ்பீக்கர் நின்றது. செல்வி முதலிலிருந்து பாடினாள்.

ஆதரவு என்றால் கைதட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்காக ஒருவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. இப்போது தூரத்துக் கடைக்கு நடக்கிறேன், முழங்கால் வலிக்கிறது. அந்த முதலாளி வழியில் கண்டால் சிரிக்கிறார். நான் சிரிப்பதில்லை.

என் பேத்திதான் இதை எழுதுகிறாள்.

"எல்லாம் எழுதிட்டியா புள்ள? ஒருக்கா வாசி. அந்த ஆளுக்குப் பாவம் பாத்து எதையாச்சும் விட்டிருந்தா, இப்பவே சேத்து எழுது."