நடிக்கச் சொன்ன இடத்தில்

முதலில் போனது நாக்கின் ருசி. பிறகு தூக்கம். கம்பம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் நான் செவிலியர். இரத்தசோகையாக இருக்கும் என்று நானே இரும்புச்சத்து மாத்திரை போட்டுக்கொண்டேன். குளிக்கச் சொம்பைத் தூக்குவதே பெரும் வேலையானபோதும் டூட்டிக்குப் போனேன். ஊசி போட்டேன், டிரிப் ஏற்றினேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

காரணம் என்ன என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். வீட்டில் சண்டை இல்லை. கணவர் கூடலூரிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். அதிர்ந்து பேசாத மனிதர். காரணமே இல்லாமல் செத்துப்போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பிறகு தினமும் வந்தது. தற்கொலைக்கு முயன்று வருகிறவர்களைக் கவனிக்கிற எனக்கே இப்படியா என்ற வெட்கம் வாயைக் கட்டிப்போட்டது.

அந்தச் சமயத்தில்தான் தேனியில் நடந்த தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்கு எங்களை அனுப்பினார்கள். நடத்தியவர் ஒரு மனநல மருத்துவர். சுற்றிவளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றார். பிறகு இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவரை நோயாளியாக நடிக்கச் சொன்னார். என் எதிரே எங்கள் வார்டின் மூத்த செவிலியர் ஜெயராணி அக்கா. தலைவலி என்று வந்த பெண்ணாக நான் நடித்தேன்.

அக்கா தூக்கத்தைப் பற்றிக் கேட்டார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"செத்துப்போகணும்னு நெனப்பு வருதா?"

"வருதுக்கா. தெனமும் வருது."

அவர் சிரிப்பு நின்றது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"இது நடிப்பு இல்லைல, தாயி?"

இல்லை என்று தலையாட்டினேன். அக்கா அழவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. என் கையைப் பிடித்து, பயிற்சி நடத்திய மருத்துவரிடமே கூட்டிப்போனார். கணவர் வந்து சேரும்வரை கூடவே இருந்தார்.

மனச்சோர்வு நோய் (மனநிலை, தூக்கம், பசி, சிந்தனை எல்லாவற்றையும் முடக்கும் நோய்) என்றார் மருத்துவர். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதுவரை எப்போதும் துணை வேண்டும் என்றார்.

"டாக்டர் சொன்னாகல்ல, நான் வீட்ல இருக்கேன். ஜீப்பைத் தம்பி ஓட்டட்டும்" என்று மட்டும் சொன்னார் கணவர். ஆபத்தான எதுவும் என் கைக்கு எட்டாதபடி அவரே பார்த்துக்கொண்டார்.

முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் சரிந்தேன், உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். நான் ஊசி போட்ட ஊர்க்காரர்கள் சிலர் அங்கே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாற்று மருந்தில் மெல்ல மீண்டேன். முதலில் திரும்பி வந்தது மகிழ்ச்சி அல்ல, பசி.

இப்போது வார்டில் அந்தக் கேள்வியை நானும் கேட்கிறேன். மேகமலை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண், கேட்டதும் ஆமாம் என்று அழுதாள், சிகிச்சைக்கு வந்துகொண்டிருக்கிறாள். சின்னமனூர்க்காரர் ஒருவர், அப்படியெல்லாம் இல்லம்மா என்று சிரித்துவிட்டுப் போனார். பிறகு அவர் உடல்தான் வந்தது. அன்றும் அக்காவும் நானும் அடுத்த படுக்கைக்குப் போய்க் கேட்டோம்.

இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த எண்ணம் இருந்தால், யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இன்றே சொல்லுங்கள். மருத்துவமனைக்கு வந்து சொல்லுங்கள்.

குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மாத்திரை தொடர்கிறது. பழையபடி உடம்பு கொஞ்சம் கனத்தாலும் கணவரிடம் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் நாளை என்று நினைத்தாலே மூச்சு முட்டும். போன வாரம் நாத்தனார், தன் மகளுக்குத் தை மாதம் காதுகுத்து என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். அவள் போன பிறகுதான் உறைத்தது: ஆறு மாதம் தள்ளி இருக்கும் ஒரு நாளில் நான் இருப்பேன் என்று, யோசிக்காமலே சொல்லியிருக்கிறேன்.