தனலக்ஷ்மி திரும்பக் கேட்ட மாத்திரைகள்

பெங்களூர் நீலசந்திராவில் தனலக்ஷ்மி இருந்த சந்தில் யாருக்கு முட்டி வலித்தாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவள் சிவாஜிநகரில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ஆயா. பெருக்குவது, துடைப்பது, டோக்கன் கொடுப்பது எல்லாம் அவள்தான். மருந்து கம்பெனி ரெப்புகள் வைத்துவிட்டுப் போகும் சாம்பிள் மாத்திரைகள் அங்கே அலமாரியில் நிரம்பி வழியும். அவளுக்கும் முட்டி வலி என்று தெரிந்ததும் டாக்டர் சில அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். நன்றாகக் கேட்டது. தீர்ந்ததும் மறுபடி கொடுத்தார்.

தனக்குக் கேட்ட மருந்தைத் தான் மட்டும் வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. கத்தரிக்கோலால் அட்டையைத் துண்டு போட்டுப் பங்கு வைப்பாள். பக்கத்து வீட்டு மரகதத்துக்கு ஒரு துண்டு, குழாயடிப் பாகீரதிக்கு ஒரு துண்டு. எதிர்வீட்டுச் சவரிமுத்துவுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

சவரிமுத்து கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் வந்து, லாங்ஃபோர்டு டவுன் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி ஆனார். பகல் முழுக்க கேட்டில் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவான் என்று அங்கே நாற்காலி போடவில்லை. பீடியோ பஸ் பாஸோ, எது முக்கியமோ அதைத் தொப்பிக்குள் வைப்பார். சுரங்கத்தில் ஹெல்மெட்டுக்குள் வைத்துப் பழகிய கை.

2004 டிசம்பரில் ஒருநாள் டாக்டர் தனலக்ஷ்மியைக் கூப்பிட்டார்.

"தனம், அந்த முட்டிவலி மாத்திரை இனிமே வேண்டாம். ரோஃபெகாக்சிப்னு அதுக்குப் பேரு. கவர்மென்ட் தடை பண்ணிடுச்சு. சாப்பிடறவங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வர்றது ஜாஸ்தியாகுதாம். மிச்சம் இருந்தா கொண்டாந்து குடுத்துடு."

அவள் சரி சார் என்றாள். சந்து முழுக்கக் கொடுத்ததைச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. போன ஆடியில் சவரிமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவர் வீடு திரும்பியதும் இவள் கஞ்சி கொண்டுபோனாள். கஞ்சியோடு மாத்திரையும்.

மகள் ரூபினி பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு லாட் தப்பாப் போச்சுன்னா, கடைசி பீஸ் திரும்பி வர்ற வரைக்கும் நாங்க விட மாட்டோம்மா. போய் எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வா."

"குடுத்ததத் திரும்பக் கேக்கறதா? எந்த மூஞ்சிய வெச்சுக்கினு?"

"இதே மூஞ்சிதான்."

மறுநாளே தனலக்ஷ்மி வீடு வீடாகப் போனாள். பாகீரதி, வேறு யாருக்கோ தள்ளிவிடத்தான் பிடுங்குகிறாய் என்று குத்திக்காட்டிவிட்டு, அரிசி டப்பாவிலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டாள். மரகதம் பயந்துபோய் வீட்டிலிருந்த எல்லா மாத்திரைகளையும் கொட்டிவிட்டாள். எல்லாம் வெள்ளி அட்டை, எல்லாம் வெள்ளை மாத்திரை. எது எது என்று ரூபினிக்கும் தெரியவில்லை. தனலக்ஷ்மி எல்லாவற்றையும் அப்படியே டிபன் டப்பாவில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

டாக்டர் வெகுநேரம் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மருந்தின் பெயரும் தேதியும் அச்சடித்த பக்கம் பெரும்பாலானவற்றில் இல்லை.

"பேர் இருக்கற பக்கத்த ஏன் வெட்டின?"

"பங்கு சமமா வரணும் இல்ல சார்."

அவர் திட்டவில்லை. பரிசோதித்துப் பார்க்காமல் கொடுத்தது தன் தப்பு என்றார். மரகதம் கொட்டியதில் பெயரோடு இருந்த ஓர் அட்டை பிரஷர் மாத்திரை. அதைத் தனியே எடுத்து, திடீரென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து, இன்றைக்கே திருப்பிக் கொடு என்றார். ஏதோ ஒரு மாத்திரைக்குத் தடை வந்ததென்று எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது, சந்தேகம் இருந்தால் பழைய சீட்டோடு வந்து கேட்கச் சொல் என்றார். பிறகு அவளுடைய பிரஷரையும் பார்த்தார். கூடுதலாக இருந்தது.

சவரிமுத்து மட்டும் கொடுக்கவில்லை.

"இத்தயும் வாங்கிக்கினா நான் இன்னா பண்றது? நீ வந்து நிப்பியா கேட்டுல?"

"உன் நெஞ்சுக்கு ஆகாதுண்ணே."

"நெஞ்சு எப்பவோ ஒரு தபா வலிக்குது. முட்டி தெனம் வலிக்குது."

தனலக்ஷ்மி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கிளினிக் முடிந்ததும் நேராக அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போனாள். செக்யூரிட்டிகளுக்கு மேஸ்திரி மாதிரி இருந்த கோவிந்தப்பாவைக் கண்டுபிடித்து, "அவருக்கு ஒரு குர்ச்சி கொடி சார்," என்று அரைகுறைக் கன்னடத்தில் நாற்காலி கேட்டாள். அவர் ரூல் இல்லை என்றார். நெஞ்சு வலிக்காரர் கேட்டிலேயே விழுந்துவிட்டால் ஆம்புலன்சுக்கு யார் கேட்டைத் திறப்பார்கள் என்று அவள் கேட்டாள். கோவிந்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீட்டர் அறையிலிருந்து முதுகு இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அதில் தூங்க முடியாது, அதனால் ரூலுக்கும் பழுதில்லை.

சவரிமுத்து உட்கார்ந்தார். காலை நீட்டினார். சனிக்கிழமை டாக்டரைப் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து துண்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

"அவ்ளோதானாண்ணே?"

"அவ்ளோதான்."

"தொப்பிய எடு."

அவர் கேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு கழற்றினார். பீடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இருந்தது.

"ஆத்திர அவசரத்துக்குன்னு வெச்சேன்மா."

அவள் கையை நீட்டினாள். கொடுத்தார்.

அதன் பிறகு தனலக்ஷ்மி யாருக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள், டோக்கனை முன்னால் போட்டுக் கொடுத்தாள். நாலு வருஷம் கழித்து ஒரு காலையில் பக்கவாதம் வந்து இறந்தாள். பிரஷரா, முன்பு தின்ற மாத்திரையா என்று ரூபினி டாக்டரிடம் கேட்டாள். சொல்ல முடியாது என்றார். அது உண்மையான பதில். தனலக்ஷ்மியின் மருந்து டப்பாவில் இருந்த பிரஷர் மாத்திரை அட்டைகளில் எதுவும் வெட்டுப்படவில்லை. பெயர் கடைசிவரை இருக்கும்படி, பெயர் இல்லாத கோடியிலிருந்தே மாத்திரைகளை எடுத்துச் சாப்பிட்டிருந்தாள்.

சவரிமுத்து அவள் இறந்த அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் யாரோ போட்ட நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். உடலை எடுக்கும்போது எழுந்து தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு பீடி மட்டும் இருந்தது.