அப்பாவின் ஸ்டீரிங்

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் சந்தேகம் உண்டு. இடி முதலில் வந்ததா, அந்தச் சத்தம் முதலில் வந்ததா? அறைக் கதவு திறந்தே இருந்ததா, நான் திறந்தேனா? ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் ஏதாவது ஒன்று இடம் மாறிவிடுகிறது. அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. பேருந்துச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆற்றங்கரையோடே வர வேண்டும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா வீரையன், அம்மா தர்மாம்பாள், தம்பி பிரபு, நான். என் பெயர் ஜெயபாரதி. கும்பகோணத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அதிகம் பேசமாட்டேன். வீட்டில் அது யாருக்கும் குறையாகத் தெரிந்ததில்லை.

பிரபுவுக்குக் கார் பந்தயப் பைத்தியம். நிஜக் கார் இல்லை, கம்ப்யூட்டரில் ஓட்டுவது. தண்ணீர்க் குழாய்க்கான இரும்பை வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒரு சட்டம் செய்தான். அதில் உடைந்த வேன் ஒன்றின் சீட்டைப் பொருத்தினான். முன்னால் ஒரு மானிட்டர். கடைசியாக டைரக்ட் டிரைவ் மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. அதிலேயே மலிவானது.

"பெல்ட் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. மோட்டார் தண்டுலயே ஸ்டீரிங். ரோட்டுல ஒரு கல்லு கிடந்தா அது உன் கையில தெரியும்க்கா," என்றான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. கட்டைவிரல உள்ள வுட்டுப் புடிக்காத. திருப்பினா விரலை ஒடிச்சுடும்."

மோட்டார்தான் மலிவாகக் கிடைத்தது. அதில் மாட்டுகிற ஸ்டீரிங் வட்டம் மோட்டாரைவிட விலை. அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாவின் பழைய காரிலிருந்து ஸ்டீரிங்கைக் கழற்றி மோட்டாரில் மாட்டிவிட்டு, காருக்கு வேறு ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்தினான். அந்தப் பழைய ஸ்டீரிங்கில், பத்து வருடமாக அப்பா பிடித்துப் பிடித்து, வலது பக்கம் கீழே அவர் கை அளவுக்குத் தோல் தேய்ந்து வழவழவென்று இருக்கும்.

அப்பா சிரித்தார். "ஏன்டா, ஓடாத வண்டிக்கு ஓடுற வண்டியோட ஸ்டீரிங்கா? நாளைக்கு டிராக்டர் டயர கழட்டி கட்டில்ல மாட்டுவ போலருக்கே."

"மாட்டுனா நீங்க வயலுக்குக் கட்டில்லயே போயிடலாம்ப்பா."

அந்த வருட ஆயுத பூஜையன்று ஒன்று நடந்தது. அம்மா காருக்குப் பொட்டு வைக்கப் போனவள், முன்கதவைத் திறந்து புது ஸ்டீரிங்கைப் பார்த்துவிட்டு நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பிரபுவின் அறைக்கு வந்தாள். பழைய ஸ்டீரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள்.

"இதுதானே நம்மள இத்தன வருஷம் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்துச்சு. அதுக்குப் பண்ணா போதும்."

வெளியே காரின் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். புது ஸ்டீரிங்கில் பொட்டு வைக்கவில்லை. அது ஒரு தவறு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

பிரபு எனக்காக ஒரு வேலை செய்தான். எங்கள் கரைச் சாலையை பைக்கில் போய்ப் படம் எடுத்து, நாகூரில் இருக்கும் அவன் நண்பன் ஆஸிமோடு சேர்ந்து, அதைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தான். எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்து, பேருந்துச் சாலையில் முடியும். திரும்பி வர வழி கிடையாது. முடிந்ததும் மறுபடி வாசலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு அது பிடித்துவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதில் போய் உட்காருவேன். அந்தச் சாலையில் மனிதர்கள் இல்லை. மாடு இல்லை. காற்றில் நெற்பயிர்கூட அசையாது. இடது பக்கம் ஆறு, எப்போதும் இடது பக்கம். வாசலைத் தாண்டியதும் மூங்கில் கொத்து, அங்கே வலது பக்கம் ஒடிக்க வேண்டும். அப்புறம் மதகு. அப்புறம் பள்ளிக்கூடம்.

"அக்கா, இது ரேஸு. நீ என்னமோ சாமி ஊர்வலம் போற மாதிரி போற," என்பான் பிரபு.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த ஒரு சாலையை, அந்த ஒரு திசையில் மட்டும், என் கைகள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவிடைமருதூரில் சொந்தத்தில் நிச்சயதார்த்தம். அப்பா, அம்மா, பிரபு மூன்று பேரும் காரில் போனார்கள். கூட்டம் எனக்கு ஆகாது, நான் போகவில்லை.

"மழை வந்தா எல்லா பிளக்கையும் புடுங்கிடு பாரதி," என்று சொல்லிவிட்டு அம்மா முன் சீட்டில் ஏறினாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. இடியும் இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பிளக்குகளைப் பிடுங்கினேன். பிரபுவின் அறையிலும் பிடுங்கினேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒயரைச் சுருட்டி சீட்டின் மேல் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் இருந்தவரை படித்தேன்.

அப்புறம் அந்தச் சத்தம்.

ஊஊம்... என்று மெல்லிய ரீங்காரம். மோட்டார் உயிரோடு இருக்கும்போது வருகிற சத்தம். எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரபுவின் அறைக்குப் போனேன். மானிட்டர் கருப்பாக இருந்தது. மோட்டாரின் பச்சை விளக்கு எரியவில்லை. சுருட்டி வைத்த ஒயர் சீட்டின் மேல் அப்படியே இருந்தது.

ஸ்டீரிங் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பெரிதாக இல்லை. இடது பக்கம் கொஞ்சம். நேராக. வலது பக்கம் கொஞ்சம். நேராக. நீளமான சாலையில் போகிற காரின் ஸ்டீரிங் எப்படி அசையுமோ, அப்படி.

நான் பயப்படவில்லை. இது விசித்திரமாக இருக்கலாம். இயந்திரத்தில் ஏதோ கோளாறு, அதை நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒயரைக் கீழே தள்ளிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் பிடித்தேன்.

சாலை என் கைக்குள் வந்தது.

ஈரத் தாரின் நடுக்கம். சிறு சிறு கற்கள். பிறகு ஸ்டீரிங் மெதுவாகச் சுற்றி ஒரு பெரிய திருப்பம். உடனே நடுக்கம் மாறியது, சொரசொரப்பானது. எங்கள் கரைச் சாலை.

டடக்... டடக்...

பள்ளிக்கூடத்து வேகத்தடை. அப்பா அதில் எப்போதும் கொஞ்சம் சாய்வாக ஏறுவார். ஸ்டீரிங் அப்படித்தான் சாய்ந்தது.

என் வலது கைக்குக் கீழே, தோல் தேய்ந்திருந்த இடம் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி. இல்லை... எடுக்காத மாதிரி.

வருகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. அப்பா ஓட்டுகிறார், நான் அவர் கையோடு கை வைத்து வருகிறேன். ஒரு நிமிடம் அப்படி இருந்தது. அதற்கு மேல் இல்லை.

மதகுப் பள்ளம். அப்பா ஒதுக்கி ஓட்டினார்.

எழுந்துவிடலாம் என்று தோன்றியது. வாசலில் விளக்கு ஏற்றி வைக்கலாம், வெந்நீர் போடலாம். கையை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

விரல்கள் திறக்கவில்லை. ஒட்டிக்கொள்ளவில்லை, யாரும் பிடிக்கவில்லை. விரி என்று சொல்கிறேன், அவை கேட்கவில்லை. கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே இருந்தன. நான் ஒருபோதும் அப்படிப் பிடித்ததில்லை.

கூடத்தில் என் போன் அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. பிரபுவுக்கென்று வைத்திருந்த மணி அது.

"பிரபு..." என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

போன் நின்றது.

அப்போது ஸ்டீரிங் இடது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. கொஞ்சமாக இல்லை... முழுசாக. மூங்கில் வளைவு!

இடது பக்கம் ஆறு.

யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இல்லை. என் கைகளுக்குத் தெரிந்ததை அவை செய்தன. வலது பக்கம் இழுத்தன.

அது இடது பக்கம் இழுத்தது.

நான் வலது பக்கம்.

இவ்வளவு பலம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இரும்புச் சட்டம் கிறீச்சிட்டது. மணிக்கட்டில் ஏதோ பொட்டென்று போனது. விடவில்லை. "ஆத்துப் பக்கம் போகாதீங்கப்பா... போகாதீங்கப்பா..."

ஜெயித்துவிட்டேன்.

ஸ்டீரிங் வலது பக்கம் வந்தது.

பிறகு நடுக்கம் நின்றது.

கற்கள் இல்லை. தார் இல்லை. கைக்குள் ஒன்றுமே இல்லை.

ஸ்டீரிங் லேசாகிவிட்டது. மெதுவாக இந்தப் பக்கம்... மெதுவாக அந்தப் பக்கம்... தண்ணீர் அசைக்கிற மாதிரி.

தேய்ந்த இடம் குளிர்ந்துகொண்டே வந்தது.

விரல்கள் திறந்தன.

வெளியே ஓடினேன். மழையில் கரையோடு ஓடி மூங்கில் கொத்தை அடைந்தபோது, வயலில் இருந்த ஆட்கள் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். பிரபு கரைச் சேற்றில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். அம்மாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், மூச்சு இருந்தது. காரின் பின்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஆறு கரை நிரம்ப ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவைக் காணவில்லை.

என் கையை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து நானே கும்பகோணத்துக்குப் போனேன். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டீரிங்க இறுக்கிப் புடிச்சிக்கிட்டே மோதுறவங்களுக்கு இப்படி ஆகும். வண்டி நீங்கதான் ஓட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க," என்றேன்.

போனில் தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. பிரபு, 5.41.

காரியம் முடிந்த அன்று, எல்லோரும் போன பிறகு, பிரபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு அவனாகவே ஆரம்பித்தான்.

"வெந்நீர் போடச் சொல்லத்தான் உனக்கு அடிச்சேன். நீ எடுக்கல."

"ம்."

"அப்பா மெதுவாத்தாங்க்கா வந்தார். வேகமே இல்ல. மூங்கில்கிட்ட இடது பக்கம் ஒடிச்சார். ஸ்டீரிங் வரல. ரெண்டு கையாலயும் இழுத்தார். அது எதிர்ப்பக்கம் போவுது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கந்தான். ஆத்துப் பக்கம்." அவன் என்னைப் பார்த்தான். "வரும்போது ஆறு வலதுலதானே இருக்கு."

கட்டுப் போட்டிருந்த கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் மாட்டுன ஸ்டீரிங்தான் சிக்கிடுச்சுன்னு நெனச்சேன். ஆனா அப்பா அப்படிச் சொல்லல. 'விடு... விடுடா... யார்ரா அது புடிச்சிருக்கிறது'ன்னு கேட்டார். எங்கிட்ட கேக்குற மாதிரி இல்லக்கா. ஸ்டீரிங்குக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்குற மாதிரி, நேரா பாத்துக் கேட்டார்."

ஆற்றிலிருந்து எடுத்த காரை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதித்தார். புது ஸ்டீரிங் சரியாகவே பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் தடையில்லாமல் திரும்பியது. கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அப்பா மறுநாள் காலையில், இரண்டு ஊர் தள்ளி, ஆற்றோரக் கோரையில் கிடைத்தார். காரும் பழைய ஸ்டீரிங்கும் ஒரே வண்டியில் காயலான் கடைக்குப் போயின. மோட்டார் நாகூரில் ஆஸிமிடம் இருக்கிறது. நன்றாக ஓடுகிறது என்கிறான், நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பிரபு மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். அவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறான். அது அவன் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயலைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். அம்மா என்னோடு இருக்கிறாள். அன்று முன் சீட்டில், அப்பாவின் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அங்கே எதைப் பார்த்தாள் என்று போலீஸிடமும் சொல்லவில்லை, பிரபுவிடமும் சொல்லவில்லை. தினமும் சாப்பிட்ட பிறகு என் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். அது எப்படி ஆனது என்று இதுவரை ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை.