ஸ்டெப்னிக்கு ஒரு லாக்கர்

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி சார்ட் போடுகிறவள் நான். யார் எந்த வார்டில், எந்த ஷிஃப்டில் என்று கட்டம் கட்டி எழுதி ஒட்டுவேன். ஒட்டிய பத்தாவது நிமிடம் ஒருத்திக்குத் தலைவலி வரும், இன்னொருத்தியின் கொழுந்தனுக்குக் கல்யாணம் வரும். லீவு கேட்டு என் அறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வெளியே போவார்கள். எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பொருத்தமான பெயர்தான், நானே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சிடுமூஞ்சியிடம் ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லாதவள் ஒருத்தி இருந்தாள். அவளை எல்லாரும் ஸ்டெப்னி என்பார்கள். முறையாகப் படித்து, கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்தபோது ரிசர்வ் பணியிடத்தில் போட்டார்கள், அப்படியே தங்கிவிட்டாள். எந்த வார்டில் ஆள் குறைகிறதோ, அன்றைக்கு அவள் அங்கே. காலை ஆறரைக்கு நான் போன் அடித்தால், "இன்னைக்கு எங்கக்கா?" என்று மட்டும் கேட்பாள். காலையில் குழந்தைகள் வார்டில் ஊசிக்கு அழுகிறவனிடம் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். மத்தியானம் பார்த்தால் ஐசியூவில் நிற்பாள்.

ரிசர்வ் நர்சுக்கு லாக்கர் கிடையாது. வார்டு நர்சுகளுக்கு அவரவர் வார்டில் பெயர் ஒட்டிய லாக்கர் உண்டு. இவளுடைய பை, குடை எல்லாம் என் அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். கதவைத் திறந்தால் குடை என் நாற்காலியில் இடிக்கும், நானும் நாள் தவறாமல் திட்டுவேன். "எனக்குன்னு ஒரு இடம் வரட்டும்க்கா, உங்க ஆணிக்கு விடுதலை" என்று சிரிப்பாள். சிரிப்புதான், ஆனால் அதற்குள் ஓர் ஏக்கம் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு திங்கட்கிழமை மேட்ரனிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. ரிசர்வ் பணியிடம் ரத்து. ஸ்டெப்னி தனக்கு விருப்பமான பிரிவை வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் டோக்கன் கவுன்ட்டர். அங்கே நாள் முழுக்க நம்பர் சீட்டு கிழிக்கலாம், நோயாளியைத் தொட முடியாது. படித்த படிப்புக்கு முழுக்குப் போட வேண்டியதுதான்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஐசியூவில் இருந்தால்தான் வெளிநாட்டில் மதிப்பு என்றாள் அவளுடைய அக்கா. பார்சல் வண்டி ஓட்டுகிற வீட்டுக்காரர், டயாலிசிஸ் போனால் ஞாயிற்றுக்கிழமை லீவு, வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார். மாமியார் ஓட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு. நோயாளி மயக்கத்தில் இருப்பதால் மருமகளைத் திட்ட மாட்டார் என்பது அவருடைய நியாயம். எட்டு வயசு மகள், "எங்க ஸ்கூலுக்கு நர்ஸா வந்துடும்மா" என்றாளாம்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கேயும் போகாதே என்றிருப்பேன். இவளும் ஒரு வார்டில் போய் உட்கார்ந்துவிட்டால் காலை ஆறரைக்கு நான் யாருக்குப் போன் அடிப்பது? சுயநலம்தான், பூசி மெழுக ஒன்றுமில்லை.

படிவத்தைப் பென்சிலில் நிரப்பினாள். திங்கள் ஐசியூ, செவ்வாய் டயாலிசிஸ், புதன் தியேட்டர். அழித்து அழித்து வியாழக்கிழமை மத்தியானம் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. புதுப் படிவம் கேட்டு என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"உனக்கு எதுதான்டி பிடிக்கும்?" என்றேன் எரிச்சலோடு.

"எல்லாமே பிடிக்குதுக்கா, அதான் பிரச்சனை. எல்லா வார்டுலயும் நுனிப்புல் மேஞ்சாச்சு. இதுல நான் கெட்டிக்காரின்னு சொல்லிக்க ஒன்னுகூட இல்ல." அவள் கண் கலங்கியிருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

படிவம் எடுக்க எழுந்து கதவை வேகமாகத் திறந்தேன். ஆணியிலிருந்து அவள் பை விழுந்து, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் தாள்கள் தரையெல்லாம் சரிந்தன. கண்ணாடி போன்ற தாள்கள். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு வளைகோடு, கீழே தேதி, கட்டில் நம்பர்.

"குப்பையெல்லாம் என் ரூம்லயா சேத்து வைப்ப?"

"குப்பை இல்லக்கா, புண்ணு" என்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். "படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு முதுகுல புண்ணு வரும்ல. அது மேல ரெண்டு தாள் வச்சு ஓரத்தை வரைஞ்சுக்குவேன். அடியில இருக்குற தாளைத் தூக்கிப் போட்டுட்டு மேல் தாளை வச்சுக்குவேன். அடுத்த வாரம் மறுபடி வரைஞ்சு ஒன்னு மேல ஒன்னு வச்சா, எவ்வளவு சுருங்கியிருக்குன்னு தெரியும். இதப் பாருங்க, மொதல்ல உள்ளங்கை அகலம். கடைசியில சட்டைப் பொத்தான் அளவு. அவரு முதுகை அவரால பார்க்க முடியாதுல்ல, அதான் எடுத்துக் காட்டுனேன். என் கையைப் பிடிச்சவரு விடவே இல்ல."

சற்று முன்னால் கண் கலங்கி நின்றவளா இவள் என்று இருந்தது. தரையில் உட்கார்ந்து, காலில் சர்க்கரைப் புண், சூடுபட்ட குழந்தையின் கை என்று ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டினாள்.

"அப்ப இதையே எழுதித் தொலையேன்."

"புண்ணுக்குன்னு ஒரு வார்டு இல்லையேக்கா. அது எல்லா வார்டுலயும்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

எல்லா வார்டும் என்றதும், வார்டுகளிலிருந்து அவள் பெயர் போட்டு வந்த சீட்டுகள் ஞாபகம் வந்து எனக்குச் சுருக்கென்றது. ஆள் வேண்டுமென்றால் வார்டிலிருந்து சீட்டு அனுப்புவார்கள். ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டு அதை மேஜைமேல் இருக்கும் குத்துக்கம்பியில் செருகிவிடுவேன். கம்பி நிறைந்தால் அலமாரிக்குப் போகும். ஆறு வருஷத்துச் சீட்டையும் அன்றைக்கு உருவி மேஜையில் பரப்பினேன். ‘இன்று எல்லாரும் வந்திருக்கிறார்கள். எட்டாம் கட்டிலில் படுக்கைப்புண். ஸ்டெப்னியை அனுப்பவும்.’ ‘தையல் பிரிந்து சீழ் வைத்திருக்கிறது. ஸ்டெப்னிதான் வேண்டும்.’ இப்படி நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். அத்தனைக்கும் ரெஜிஸ்டரில் நான் எழுதியிருந்த காரணம் ஒன்றே ஒன்று: ஆள் குறைவு. சீட்டில் பெயரைப் பார்ப்பேன், மீதியைப் படிக்க எனக்கு ஏது பொறுமை? அவளை வெறும் ஓட்டை அடைப்பாக ஆக்கி வைத்திருந்தது என் பேனாதான்.

வெள்ளிக்கிழமை காலை சீட்டுக்கட்டோடு மேட்ரன் முன்னால் போய் நின்றேன்.

மேட்ரன் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். "ஏன் எல்லாத்துக்கும் ஆள் குறைவுன்னு எழுதுனீங்க?"

"ரெஜிஸ்டர்ல ரெண்டு கட்டம்தான் மேடம் இருக்கு. லீவு, ஆள் குறைவு. இது லீவு இல்லையேன்னு..." சொல்லும்போதே அசடு வழிந்தது.

"புண் பராமரிப்புக்குன்னு ஆறு மாசப் படிப்பு ஒன்னு இருக்கு. ஆள் அனுப்புங்கன்னு வருஷா வருஷம் நமக்குக் கடுதாசி வரும். ரெண்டு வருஷம் அந்த வேலை பார்த்திருக்கணும். நான் உங்க ரெஜிஸ்டரைப் பார்த்துட்டு, அப்படி யாரும் எங்ககிட்ட இல்லைன்னு பதில் போட்டுட்டிருக்கேன்."



ஸ்டெப்னியைக் கூப்பிட்டார்கள். டோக்கன் கவுன்ட்டர்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தவள், அந்தப் படிப்புக்கு அவளைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டதும் அனுமதிகூடக் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வார்டுன்னு இருக்குற எடத்துல என்ன எழுதட்டும் மேடம்?" என்றாள்.

"எல்லா வார்டும்னு எழுதுங்க. பேனாவுல எழுதுங்க."

வெளியே வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த வாய் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. "விடுங்கக்கா, ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே" என்று என்னையே தேற்றினாள். ரெஜிஸ்டரில் அன்றைக்கே ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் ஒன்று போட்டேன்.

படித்து முடித்து வந்துவிட்டாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை. ஒரு கட்டில், நல்ல விளக்கு, பெயர் ஒட்டிய லாக்கர். பெயரைத் தானே எழுதி, கோணலாக ஒட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் வீட்டுக்காரரும் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார். என் ஆணி சும்மாதான் இருக்கிறது.

போன வாரம் குழந்தைகள் வார்டில் ஒருத்தி திடீரென்று வரவில்லை. காலை ஆறரை. பழக்கதோஷத்தில் என் விரல் அவள் நம்பரையே அழுத்திவிட்டது.

"புண்ணு ஏதாவதாக்கா?"

"இல்லடி. ஆள்தான் குறையுது."

"இன்னைக்கு முடியாதுக்கா" என்றாள் மெதுவாக. "ஒன்பது மணிக்கு எனக்காக ஏழு பேர் வந்து காத்திருப்பாங்க."

போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இருபது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ முடியாதுகளைக் கேட்டிருக்கிறேன். சந்தோஷம் கொடுத்தது இது ஒன்றுதான்.